இரட்டைப் பிள்ளையா? முதலில் இதைக் கேளுங்கள்!

சென்னை அடையாறை அடுத்த தரமணியில் ஒரு மருத்துவக் கல்வி நிலையம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அதற்கு "டாக்டர் ஏ.எல். முதலியார்" பெயரை வைத்திருக்கிறார்கள்.

யார் இந்த முதலியார்?

பிரசவ வைத்தியத்தில் பேர் பெற்ற டாக்டர். எழும்பூர் பெண்கள் ஆஸ்பத்திரியில் தலைமைப் பொறுப்பு வகித்தவர். பிரசவம் பற்றி அவர் எழுதிய பாடப்புத்தகம் 1938-ல் வெளிவந்தது. பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தி, புதுப்புதுப் பதிப்புகளாகக் கொண்டு வந்தார்கள். மருத்துவ மாணவர்கள் பல தலைமுறையாக அதைப் படித்து வருகிறார்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் பிரசவ வைத்தியம் சொல்லிக் கொடுத்த அந்த டாக்டர், தாமே ஒரு இரட்டைப் பிள்ளை!

ராமசாமியும் லட்சுமணசாமியும்

1887-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 14-ந் தேதி கர்நூலில் அந்தச் சகோதரர்கள் பிறந்தார்கள். ஒருவருக்கு ராமசாமி என்று பெயர். மற்றவருக்கு லட்சுமணசாமி என்று பெயர். படிப்பதற்காக இருவரும் சென்னைக்கு வந்தார்கள். பார்ப்பதற்கு இருவரும் ஒன்று போலவே இருப்பார்கள்.

ஆற்காடு ராமசாமி முதலியார் அரசியலில் புகழ் பெற்றார். மைசூர் திவானாக இருந்தார். 1946-ல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூக கவுன்சிலுக்கு முதல் தலைவர் ஆனார்.

ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் டாக்டர் ஆனார். 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். இருவருமே 85 வயதைத் தாண்டி வாழ்ந்தார்கள்.

இரட்டைப் பிள்ளைகள் இருவரும் பிழைத்து, இருவரும் புகழ் பெற்றார்கள். ஆனால், அவர்கள் பிறந்த காலத்தில் இரட்டைப் பிள்ளை சுமந்த தாய்மார்களுக்கு என்ன உதவி இருந்தது?

எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படவில்லை. அது 1895-ல்தான் வந்தது. ரத்தத்தில் பல வகை உண்டு என்பது தெரியாது. அது 1901-ல்தான் தெரிந்தது. வயிற்றில் உள்ள குழந்தையை ஸ்கேன் செய்து பார்க்கும் முறையை ஸ்காட்லாந்து டாக்டர் இயான் டொனால்டு 1958-ல்தான் உலகுக்கு அறிவித்தார்.

அந்தக் காலத்தில் பல வீடுகளில், ஒரு பிள்ளை பிறந்த பிறகு, "பொறுங்கள், உள்ளே இன்னொன்று இருக்கிறது!" என்று மருத்துவச்சி சொன்னால்தான் இரட்டை என்பதே தெரியும்.

இன்று அப்படி இல்லை. மூன்றாம் மாதத்திலேயே தெரிந்துவிடுகிறது.

வாழைப்பழம் காரணமா?

"ஒட்டி இருக்கும் வாழைப்பழத்தைச் சாப்பிடாதே, இரட்டைப் பிள்ளை பிறக்கும்" என்று பாட்டிமார் சொல்வது உண்டு. பழத்துக்கும் பிள்ளைக்கும் சம்பந்தம் இல்லை. தாராளமாகச் சாப்பிடலாம்!

இரட்டைப் பிள்ளை இரண்டு வகையில் உண்டாகிறது.

வழக்கமாக மாதம் ஒரு சினைமுட்டைதான் வெளிவரும். சில சமயம் இரண்டு முட்டைகள் வெளிவந்து, இரண்டும் கருவாகி விடும். இந்தக் குழந்தைகள் உடன் பிறந்தவர்கள் போல இருப்பார்கள். அச்சாக ஒன்று போல் இருக்க வேண்டும் என்பது இல்லை. இரண்டும் ஆணாகலாம், பெண்ணாகலாம், ஆணும் பெண்ணுமாகவும் இருக்கலாம். தாய் வழியில் இரட்டையர் இருந்தாலும், தாயின் வயது கூடினாலும், இந்த வகை இரட்டைக்கு வாய்ப்பு அதிகம்.

இன்னொரு வகை, ஒரே கரு இரண்டாகப் பிரிவது. இவர்கள்தான் அச்சில் வார்த்தது போல் இருப்பவர்கள். இது சுமார் 250 பிரசவத்துக்கு ஒன்று என்ற கணக்கில், உலகம் எங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நடக்கிறது.

1978-ல் இங்கிலாந்தில் முதல் சோதனைக் குழாய் குழந்தை பிறந்தது. அதன் பிறகு, பிள்ளைப்பேறுக்கான சிகிச்சைகள் பெருகின. ஒன்றுக்கு மேற்பட்ட கருவைக் கருப்பையில் வைத்ததால் இரட்டையரும் பெருகினார்கள். இன்று உலகில் பிறக்கும் 42 குழந்தைகளில் ஒன்று இரட்டையரில் ஒன்று என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் ஸ்கேன் நிலையங்களுக்குக் குறைவு இல்லை. ஒரு நிலையத்தின் வாசலில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "இரட்டைக் குழந்தை" என்று டாக்டர் சொல்கிறார். மருமகளுக்கு மகிழ்ச்சி பாதி, பயம் பாதி. ரங்கநாதன் தெருவில் ஒரே நிறத்தில் இரண்டு சட்டை வாங்கலாம் என்று மாமியார் அப்போதே கணக்குப் போட ஆரம்பிப்பார்.

"ஆணா, பெண்ணா?" என்று கேட்க வாய் வரும். கேட்கக் கூடாது. டாக்டரும் சொல்லக் கூடாது. 1994-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு.

"டாக்டர், நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?"

இந்த ஒரு கேள்விக்கான பதிலைப் பொறுத்துத்தான் அடுத்த ஆறு மாதமும் நடக்க வேண்டும். எத்தனை முறை ஸ்கேன், எந்த ஆஸ்பத்திரி, எந்த வாரத்தில் பிரசவம் எல்லாமே அதை ஒட்டித்தான்.

இரண்டு முட்டையில் உண்டான குழந்தைகளுக்கு நஞ்சுக்கொடி தனித்தனி. ஒரே கரு பிரிந்து உண்டான இரட்டையரில், மூன்றில் ஒரு பங்கினருக்குத் தனித்தனியாக இருக்கும். மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஒரே நஞ்சுக்கொடிதான். இருவரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இதைத் தெளிவாகப் பார்க்க ஏற்ற காலம் 11-வது வாரத்தில் இருந்து 14-வது வாரம் வரை. கடைசியாகத் தூரமான முதல் நாளில் இருந்து இந்த வாரங்களை எண்ண வேண்டும். குழந்தைகளுக்கு நடுவில் உள்ள சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தில் தடித்து இருந்தால் இரண்டு. மெல்லிய கோடாக இருந்தால் ஒன்று. நாள் போகப் போக இந்த அடையாளம் மங்கி விடும். அதனால்தான் "ஐந்தாம் மாதம் ஸ்கேன் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடக் கூடாது.

ஸ்கேன் அறிக்கையில் இந்த விவரம் எழுதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இரண்டு வயல், ஒரு வாய்க்கால்

ஒரே நஞ்சுக்கொடி என்றால் என்ன ஆபத்து?

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வயல். நடுவே ஒரு வாய்க்கால். தண்ணீர் சமமாகப் பாய்ந்தால் இரண்டும் விளையும். ஒரு பக்கமே ஓடினால்? ஒரு வயல் காயும். மற்றது மூழ்கும். இரண்டும் பாழ்.

ஒரே நஞ்சுக்கொடியில் இரு குழந்தைகளின் ரத்தக் குழாய்களும் ஒன்றோடு ஒன்று இணைந்திருக்கும். சில கர்ப்பங்களில் ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்கு ஓட ஆரம்பிக்கும். கொடுக்கும் குழந்தை வாடும். அதைச் சுற்றியுள்ள பனிநீர் வற்றும். வாங்கும் குழந்தைக்கு ரத்தம் மிஞ்சி இருதயம் திணறும். அதன் பனிநீர் பெருகும்.

ஒரே நஞ்சுக்கொடி உள்ள 100 இரட்டைக் கர்ப்பங்களில் 10 முதல் 15 வரை இப்படி ஆகிறது. முற்றிய நிலையில் சிகிச்சை இல்லாமல் விட்டால், பெரும்பாலும் இரண்டு குழந்தைகளும் தங்குவது இல்லை.

சிகிச்சை உண்டு! தாயின் வயிற்றில் மெல்லிய குழல் ஒன்றைச் செலுத்தி, இணைந்திருக்கும் ரத்தக் குழாய்களை லேசர் ஒளியால் அடைத்து விடுகிறார்கள். இந்த முறையே மேலானது என்று 2004-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. சென்னையிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

ஆனால், நேரத்தில் கண்டுபிடித்தால்தான் பலன். இந்தக் கோளாறு சில நாட்களிலேயே முற்றக் கூடும். ஆகவே ஒரே நஞ்சுக்கொடி என்றால், 16-வது வாரத்தில் இருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்க்க வேண்டும். தனித்தனி என்றால், நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும்.

"போன மாதம்தானே பார்த்தோம், எதற்கு வீண் செலவு?" என்று வீட்டில் யாராவது சொன்னால், வாய்க்கால் கதையைச் சொல்லுங்கள்.

தாய்க்கு என்ன ஆபத்து?

இரட்டைப் பிள்ளை சுமப்பவருக்கு ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு, ஒற்றைப் பிள்ளை சுமப்பவரைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். 140-க்கு 90 என்ற அளவைத் தொட்டால் கவனிக்க வேண்டும். அதைத் தடுக்க டாக்டர் குறைந்த அளவில் ஆஸ்பிரின் மாத்திரை தருவது உண்டு. கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

அடுத்தது ரத்தச் சோகை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் சோகை. இரண்டு குழந்தைகள் பங்கு கேட்கும்போது தாயின் இருப்பு சீக்கிரம் கரையும். இரும்புச் சத்து மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். பயப்பட வேண்டாம்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காபியோடு இரும்பு மாத்திரை சாப்பிடாதீர்கள்! காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேர விடாது. ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாத்திரையோடு எலுமிச்சைச் சாறோ, நெல்லிக்காயோ, கொய்யாப்பழமோ நல்லது.

"மூன்று பேருக்குச் சாப்பிட வேண்டுமா?" அப்படி இல்லை. வயிறு மேலே முட்டுவதால் ஒரே வேளையில் நிறையச் சாப்பிடவும் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பிடலாம். கேழ்வரகு, முருங்கைக் கீரை, பருப்பு, சுண்டல், வேர்க்கடலை, முட்டை, மீன், பால் எல்லாம் நல்லது. விலை உயர்ந்த டப்பா மாவு கட்டாயம் இல்லை.

"மாதக் கணக்கில் படுத்தே கிடக்க வேண்டுமா?" அதுவும் வேண்டாம். இரட்டை என்பதற்காகவே படுக்க வைப்பதால் குறைமாதப் பிரசவம் தடைபடுவதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. பாரம் தூக்காமல், களைத்தபோது ஓய்வு எடுத்து, மெல்ல நடமாடலாம். டாக்டர் குறிப்பாகப் படுக்கச் சொன்னால் மட்டும் படுக்க வேண்டும்.

வளைகாப்பும் தாய் வீடும்

இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன.

இரட்டைக் கர்ப்பங்களில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிரசவம் ஆகி விடுகிறது. "ஒன்பதாம் மாதம் வளைகாப்பு, அப்புறம் தாய் வீடு" என்று நாள் குறித்தால், அந்த நாளுக்கு முன்பே வலி வந்து விடலாம். வளைகாப்பை ஏழாம் மாதத்திலேயே வீட்டோடு செய்து விடுங்கள். பிரசவப் பையையும் அந்த மாதமே கட்டி வையுங்கள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால், தாய் வீடு எந்த ஊரில் இருக்கிறது? அங்கே குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றும் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா? ரத்தம் கிடைக்குமா? இரவில் மயக்க மருந்து டாக்டர் வருவாரா?

இந்த மூன்றுக்கும் "ஆம்" என்றால் முன்கூட்டியே போய், அங்குள்ள டாக்டரிடம் எல்லா ஸ்கேன் அறிக்கைகளையும் காட்டிப் பதிவு செய்யுங்கள். "இல்லை" என்றால், மகள் தாய் வீட்டுக்குப் போக வேண்டாம். தாய் மகள் வீட்டுக்கு வரலாமே!

மயிலாப்பூருக்கு அருகே, திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி இருக்கிறது. "கோஷா ஆஸ்பத்திரி" என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். ஆண் டாக்டரிடம் காட்டத் தயங்கிப் பெண்கள் படும் பாட்டைக் கண்டு, தாமே மருத்துவம் படித்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் முயற்சியால் 1885-ல் உண்டான ஆஸ்பத்திரி அது. எழும்பூர் பெண்கள் ஆஸ்பத்திரி அதைவிடப் பழையது. 1844-ல் தொடங்கியது. சிக்கலான கர்ப்பங்களை ஏழை, பணக்காரர் பாராமல் கவனிக்கும் பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் இவை.

கத்தி வைக்க வேண்டுமா?

இரட்டை என்றாலே ஆபரேஷன்தான் என்று நினைக்க வேண்டாம். 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 25 நாடுகளைச் சேர்ந்த சுமார் 2800 தாய்மார்கள் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் முதல் குழந்தையின் தலை கீழே இருந்தது. முன்கூட்டியே திட்டமிட்டு ஆபரேஷன் செய்வதால் குழந்தைகளுக்குக் கூடுதல் பலன் இல்லை என்று தெரிந்தது.

முதல் குழந்தை குறுக்கே கிடந்தாலோ, கால் கீழே இருந்தாலோ ஆபரேஷன் தேவைப்படும். இரு குழந்தைகளும் ஒரே பனிக்குடத்தில் இருப்பது அபூர்வம். அப்படி இருந்தால் தொப்புள்கொடிகள் சிக்கிக்கொள்ளும். அவர்களுக்கு 32 முதல் 34 வாரத்துக்குள் ஆபரேஷன் செய்கிறார்கள்.

மற்றவர்களுக்குச் சிக்கல் ஏதும் இல்லாவிட்டால், நஞ்சுக்கொடி தனித்தனி என்றால் 37 அல்லது 38-வது வாரம். ஒன்றே என்றால் 36 அல்லது 37-வது வாரம். அதற்கு மேல் காத்திருப்பது குழந்தைகளுக்கு ஆபத்து. "நல்ல நாள் பார்த்து அடுத்த மாதம்" என்று தள்ளக் கூடாது.

சுகப் பிரசவத்திலும் முதல் குழந்தை பிறந்ததும் வேலை முடிந்து விடாது. இரண்டாவது குழந்தை திரும்பிக்கொள்ளலாம். பெரிதாக விரிந்த கருப்பை சுருங்கத் தாமதமானால் ரத்தப்போக்கு அதிகமாகும். அதனால்தான் ஆபரேஷன் வசதியும் ரத்தமும் தயாராக உள்ள இடத்திலேயே பிரசவம் ஆக வேண்டும்.

குறைமாதக் குழந்தைகள்

குறைமாத வலி வந்தால், குழந்தைகளின் நுரையீரல் பலப்படுவதற்குத் தாய்க்கு ஊசி போடுவார்கள். நியூசிலாந்து டாக்டர்கள் லிகின்சும் ஹோவியும் 1972-ல் உலகுக்குக் கொடுத்த வரம் அது. பிரசவத்துக்குக் கொஞ்சம் முன்பே போட்டால்தான் முழுப் பலன். வலி வந்ததும் வீட்டில் கஷாயம் வைத்துக் காத்திருந்தால், அந்த அருமையான நேரம் போய் விடும்.

பிறந்த பிறகு? தாயின் மார்பே நல்ல மருந்து.

1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் பெட்டிகள் போதவில்லை. கங்காரு தன் குட்டியைச் சுமப்பது போல, குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துக் கட்டி வைத்தார்கள். குழந்தைகள் தேறின. இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வு இன்னொன்றும் சொன்னது. எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி அணைத்தால், இறப்பு 25 சதவீதம் குறைகிறது.

இரண்டு குழந்தைகள் என்றால்? ஒன்று தாயிடம். இன்னொன்று தகப்பனிடம்! பாட்டியும் அணைக்கலாம்.

"இரண்டுக்கும் பால் போதுமா?" என்ற கவலை வேண்டாம். குழந்தைகள் குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். இருவரையும் ஒரே நேரத்தில் இரு பக்கமும் பிடித்துக் கொடுக்க நர்சு சொல்லித் தருவார். உறிஞ்ச முடியாத சின்னக் குழந்தைக்குப் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கலாம். ஆரம்பத்தில் தாய்க்குப் பால் போதாவிட்டால், சென்னையில் தாய்ப்பால் வங்கிகளும் இருக்கின்றன.

தாயின் மனத்தையும் கவனிக்க வேண்டும். இரவு முழுவதும் ஒன்று மாற்றி ஒன்று அழும். தூக்கம் இல்லாமல் அவள் காரணமின்றி அழுதாலும், எதிலும் பிடிப்பு இல்லாமல் இருந்தாலும், "திமிர்" என்று சொல்லாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

உடனே ஓடுங்கள்!

கீழே உள்ளவற்றில் ஒன்று கண்டாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது:

தீராத தலைவலி, கண் மங்கல், முகத்தில் திடீர் வீக்கம், மேல் வயிற்றில் வலி.

சில நாட்களிலேயே வயிறு மளமளவென்று பெருத்தல், மூச்சு முட்டுதல்.

ரத்தப்போக்கு, அல்லது பனிக்குடம் உடைந்து நீர் போதல்.

37 வாரம் ஆகும் முன்பே விட்டு விட்டு வலி.

குழந்தைகளின் அசைவு குறைதல்.

108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். புறப்படும்போது ஸ்கேன் அறிக்கைகளை மறக்காதீர்கள். புது டாக்டர் முதலில் அவற்றைத்தான் கேட்பார்.

1887-ல் கர்நூலில் அந்தத் தாய்க்குக் கிடைக்காத எத்தனையோ உதவி, இன்று நம் தெருக்கோடியில் இருக்கிறது. மூன்றாம் மாதமே அதைத் தேடிப் போக வேண்டியதுதான் குடும்பத்தின் வேலை.

அப்படிச் செய்தால், ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வரும் போனில் அந்த நல்ல சேதி கேட்கும்:

"தாயும் சுகம். பிள்ளைகள் இரண்டும் சுகம்!"